அப்பாவின் பெல்ட்டும் பச்சை முகமூடியும்

நான் ஒரு வருடம் முழுக்க உலகச் சாம்பியனாக இருந்திருக்கிறேன். இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். பள்ளிக்கூடத்தில் கபடிக்குக்கூட அவரை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை என்று அவருடைய அக்காவே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. தென்காசியில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் டிவியில் அமெரிக்க மல்யுத்தம் ஓடும். உட்கார்ந்து பார்ப்பது மூன்று பேர்: மாமா, அண்ணன், நான். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவன். ஆனால் டிவி முன்னால் மாமா, அண்ணன், நான் மூன்று பேருக்கும் ஒரே வயதுதான். அம்மாவுக்கு அந்த நிகழ்ச்சியைக் கண்டாலே ஆகாது. ஜட்டியோடு நிற்கிற தடியன்களைப் பார்க்க இந்த வீட்டில் இவ்வளவு கூட்டமா என்று கேட்டபடியே, கதவு நிலையில் சாய்ந்து நின்று கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் போவாள்.

அப்பா போலீஸில் ஏட்டு. அவருடைய பழைய யூனிஃபார்ம் பெல்ட் ஒன்று பீரோவுக்குள் கிடந்தது. அகலமான தோல், முன்னால் உள்ளங்கை அளவுக்குப் பித்தளைப் பக்கிள். அதுதான் எங்கள் உலகப் பட்டம். அம்மாவுக்குத் தெரியாமல் புளி எடுத்துத் தேய்த்துத் தேய்த்து அந்தப் பக்கிளில் முகம் பார்க்கிற அளவுக்குக் கொண்டுவந்திருந்தோம். ரசம் வைக்கப் போகும்போதெல்லாம் புளி எங்கே போகிறது என்று அம்மா கேட்பாள். மூன்று பேரும் டிவியைப் பார்ப்போம்.

பட்டத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்த முதல் ஞாயிற்றுக்கிழமை போட்டி தொடங்கும். ஆளுக்கொரு வீரரை எடுத்துக்கொள்வோம். டிவியில் யாருடைய ஆளிடம் பட்டம் இருக்கிறதோ, அவர் இடுப்பில் பெல்ட். இஷ்டப்பட்டால் இரண்டு பேர் பேசி ஆளை மாற்றிக்கொள்ளலாம். ஆள் மாறினால் பெல்ட்டும் கூடவே போகும். சாரல் நின்று, அருவி பாறையில் ஒட்டிக்கொண்டு ஒழுகுகிற நிலைமைக்கு வந்ததும் சீசன் முடிந்தது என்று மாமா அறிவிப்பார். அந்த நேரத்தில் பெல்ட் யாரிடம் இருக்கிறதோ, அடுத்த சீசன் வரைக்கும் அவர்தான் சாம்பியன். ரிமோட்டும், குற்றாலம் போகும்போது வேனில் முன் சீட்டும் அவருக்கே.

அந்த வருடம் மாமா முதலில் தேர்ந்தெடுத்து, பட்டம் வைத்திருந்த ஆளையே எடுத்தார். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் புல்டோசர். எதிரே நிற்பவனைத் தலைக்கு மேல் தூக்கி, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் கீழே போடுவான். அண்ணன் எடுத்தது கோடாலி. கையை ஓங்கி எதிராளியின் நெஞ்சில் இறக்கினால் சத்தம் எங்கள் சமையல்கட்டு வரை கேட்கும். பெண்பிள்ளை கடைசியில் எடுத்தால் போதும் என்று எனக்கு ஒதுக்கப்பட்டவன் பச்சை முகமூடி. ஒல்லி ஆள். வாரா வாரம் வருவான், துள்ளுவான், கயிற்றில் ஏறுவான், தோற்பான்.

முதல் இரண்டு வாரம் எனக்கு அழுகைதான். அப்புறம் அவனைப் பிடித்துப்போய்விட்டது. எப்படி அடித்தாலும் போகும்போது கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்துவிட்டுத்தான் போவான். தோற்ற பிறகும் அவன் கையசைப்பதற்காகவே நான் காத்திருக்க ஆரம்பித்தேன். மாமா சென்டரில் அவன் படத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். மை தீர்ந்துபோய்ப் பச்சை பாதி மஞ்சளாக விழுந்திருந்தது. அதை என் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சுக்காரி எல்லாமே நடிப்பு, யார் ஜெயிக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறார்கள் என்று சொன்னாள். அவளோடு பத்து நாள் பேசவில்லை. டிவியின் மூலையில் லைவ் என்று எழுதியிருக்கிறதே, அந்த நிமிஷம் நடப்பதை எப்படிப் பேசி வைக்க முடியும்? அமெரிக்காவில் திங்கட்கிழமை நடந்து முடிந்ததுதான் எங்கள் ஊர் டிவிக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

மாமாவின் ராசிதான் பெரிய அதிசயமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை திடீரென்று அண்ணனிடம், உன் கோடாலியைக் கொடு, புல்டோசரை நீ வைத்துக்கொள் என்றார். அண்ணனுக்கு நம்ப முடியவில்லை. பெல்ட்டைக் கட்டிக்கொண்டு தெருவையே ஒரு சுற்றுச் சுற்றினான். மறுநாள் மத்தியானம் கோடாலி புல்டோசரைச் சாய்த்துப் பட்டத்தைப் பிடுங்கினான். சாப்பிட்ட கை காய்வதற்குள் பெல்ட் மாமாவிடம் திரும்பிப் போனது. மூன்று வாரம் கழித்து அதே கதை தலைகீழாக நடந்தது. இந்தத் தடவை புல்டோசரை மாமா கேட்டு வாங்கினார், மறுநாள் புல்டோசர் ஜெயித்தான். அண்ணன் இரண்டு முறையும் ஒரே ஒரு நாள் ராஜாவாக இருந்ததோடு சரி. இனிமேல் செத்தாலும் ஆளை மாற்றுவதில்லை என்று சத்தியம் செய்தான்.

ஆடி பிறந்து ஒரு வாரம் இருக்கும். போன ஞாயிறு ஒளிபரப்பில் பச்சை முகமூடி ஒரு வாளித் தண்ணீரைப் புல்டோசர் தலையில் கவிழ்த்துவிட்டு ஓடியிருந்தான். அவமானம் தாங்காத புல்டோசர், அடுத்த வாரம் அந்தச் சுண்டெலிக்கு எதிராக என் பட்டத்தையே பந்தயம் வைக்கிறேன், வரச் சொல் என்று கர்ஜித்தான். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் மட்டும், அவனுக்கு எலும்பு எதுவும் முறியாமல் இருக்க வேண்டுமே என்று காசி விசுவநாதரிடம் கேட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மாமா சென்டரிலிருந்து வந்தார். யாரிடமும் ஆளை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, உன் பச்சைய யாருக்கும் குடுத்திராத. நானே வந்து கேட்டாலும் குடுக்கப்பிடாது. கேட்டியா?"

நான் சரி என்றேன். தோற்கிறவனைக் கைவிடக் கூடாது என்று மாமா எனக்குப் புத்தி சொல்வதாக நினைத்துக்கொண்டேன். ஆனால் அண்ணனின் காது கூர்மையானது. அரை மணி நேரத்தில் என்னிடம் வந்தான். சத்தியத்தை மறந்துவிட்டு, கோடாலியைத் தருகிறேன், பச்சையைக் கொடு என்றான். நான் மாட்டேன் என்றதும் விலையை ஏற்றிக்கொண்டே போனான். அடுத்த முறை புளியறைப் பக்கம் புரோட்டாக் கடைக்குச் சாப்பிடப் போனால் தன் பங்குக் கோழியும் எனக்கே என்றான். அவனுடைய காம்பஸ் டப்பாவையும் சேர்த்துக்கொண்டான். கோடாலி எப்படியும் ஒருநாள் பட்டம் பிடிப்பவன். அவன் என் கைக்கு வந்தால் பெல்ட் என் இடுப்புக்கு வர வழி இருக்கிறது. பச்சை முகமூடியோடு இருந்தால் வழியே இல்லை. எனக்கு அந்தப் பெல்ட்டைக் கட்டிப் பார்க்க எவ்வளவு ஆசை என்பது எனக்கும் அந்தப் பக்கிளுக்கும்தான் தெரியும்.

அலமாரியைத் திறந்து பாதி மஞ்சளாக நின்றவனைப் பார்த்தேன். நானும் விட்டுவிட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது. மாற்றமாட்டேன் என்று வந்து சொல்லிவிட்டேன். லூசு என்றான் அண்ணன்.

மறுநாள் ஆட்டத்தை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மணி அடித்ததும் புல்டோசர் அவனைத் தூக்கி மூலையில் எறிந்தான். முதுகு தரையில் பட்டு நடுவர் மூன்று எண்ணினால் தோல்வி. இரண்டு தடவை எண்ணிக்கை இரண்டு வரை போய், பச்சை முகமூடி எப்படியோ தோளைத் தூக்கினான். அம்மா வாசலில் நிற்பதை மறந்து உள்ளே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கோடாலி மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்று புல்டோசரைச் சீண்டினான். புல்டோசர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனோடு வாய்ச்சண்டை போட்டான். பின்னாலிருந்து பச்சை முகமூடி பாய்ந்து, அவன் காலை வாரிச் சுருட்டி, முதுகு தரையில் படும்படி அமுக்கினான். நடுவர் தரையில் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று.

அம்மாதான் கத்தினாள். அண்ணன் தலையில் கைவைத்து, தன் ஆளே போய்க் காரியத்தைக் கெடுத்துவிட்டானே என்று புலம்பினான். மாமா எழுந்து நின்றார். பெல்ட்டை அவிழ்த்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். என் இடுப்புக்கு அது இரண்டு சுற்று வந்தது. பிறகு மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி, வெட்டிய வாழை மாதிரி தரையில் மல்லாந்து விழுந்தார். நான் அவர் வயிற்றில் ஒரு காலை வைத்து இரண்டு கையையும் தூக்கினேன். பாவாடையும் போலீஸ் பெல்ட்டுமாக நின்ற அந்த நிமிஷத்தைப் போல ஒரு சந்தோஷம் எனக்கு அப்புறம் கல்யாணத்தில்கூட வரவில்லை.

அந்த வாரம் முழுக்க நான் மாமாவைத் தோத்த மாமா என்றுதான் கூப்பிட்டேன். அவரும் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த சனிக்கிழமை சென்டரிலிருந்து வந்தவர், செருப்பைக் கழற்றும்போதே அறிவித்தார்.

"சீசன் முடிஞ்சிட்டு. நாளைக்கி எல்லாரும் குத்தாலம் போறோம். மத்தியானமே கெளம்பணும்."

வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கொடியில் போட்ட துணி மூன்று நாளாகக் காயவில்லை. அண்ணன் வாசலைக் காட்டினான்.

"மாமா, இங்கன மழை கொட்டுது. சீசன் முடிஞ்சிட்டுங்கிய?"

"இது வேற மழைலே," என்றார் மாமா. அறிவிப்பது மாமாவின் உரிமை, அதுதான் சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை டிவியில் மல்யுத்தம் ஓடுகிற நேரத்துக்கு நாங்கள் வேனில் போய்க்கொண்டிருந்தோம். முன் சீட்டில் நான், இடுப்பில் பெல்ட். பேரருவிக்குப் போனால் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி வெளியே பாய்ந்துகொண்டிருந்தது. குளிக்கத் தடை. விசிலோடு நின்ற போலீஸ்காரர் அப்பாவுக்குத் தெரிந்தவர். என் இடுப்பைப் பார்த்துவிட்டு, குதிகாலைச் சேர்த்து விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

"மேடம், தண்ணி நெறைய வருது. ஆளுகள விடலாமா, வேண்டாமா?"

நான் அருவியை நிமிர்ந்து பார்த்து, பொறுப்போடு யோசித்து, வேண்டாம் என்றேன். அவர் விசிலை ஊதினார். கூட்டம் பின்னால் போனது. என் உத்தரவில்தான் அவ்வளவு பேரும் நகர்கிறார்கள் என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாமும் குளிக்கத்தானே வந்தோம் என்று அண்ணன் பல்லைக் கடித்தான். கடைசியில் புலியருவியில் போய்க் குளித்தோம். பெல்ட்டை மாமாதான் துண்டில் சுற்றி, நனையாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

திருநெல்வேலியில் கல்லூரி முதல் வருடம் படிக்கும்போது, கம்ப்யூட்டர் லேபில் வேலை இல்லாத ஒரு மணி நேரத்தில் பழைய ஞாபகத்தில் அந்தப் பட்டத்தின் வரலாற்றைத் தேடிப் பார்த்தேன். வரிசையாகப் பெயர்கள், தேதிகள். பச்சை முகமூடி பட்டத்தைப் பிடித்தது ஒரு திங்கட்கிழமை. எங்கள் வீட்டுத் தரையில் மாமா விழுந்ததற்கு ஆறு நாள் முன்னால். அவன் அதைத் தோற்றது சரியாக அடுத்த திங்கட்கிழமை. ஏழு நாள்தான் அவன் சாம்பியன்.

இரண்டு சனிக்கிழமையையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். முதல் சனிக்கிழமை சென்டர் கம்ப்யூட்டரில் முடிவைப் பார்த்துவிட்டுத்தான் மாமா வந்திருக்கிறார். ஏட்டி, பச்சைய குடு என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எடுத்துக்கோங்க மாமா என்று படத்தோடு சேர்த்துக் கொடுத்திருப்பேன். அதற்கடுத்த சனிக்கிழமை, பச்சை தோற்றுவிட்டதும் அவருக்குத் தெரியும். பெஞ்சுக்காரி சொன்னது சரிதான், முடிவை முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். மாமா தனக்குத்தானே பேசி வைத்திருந்தார்.

அன்று அருவியிலிருந்து திரும்பும்போது எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. தோற்ற வருத்தத்தில்தான் மாமா மழைக்கு நடுவே சீசனை முடித்துவிட்டார் என்று நினைத்தேன். ஒரு வாரமாக அவரைக் கேலி செய்தது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. வேனின் முன் சீட்டிலிருந்து திரும்பி, பின்னால் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்த மாமாவிடம் ஆறுதலாகச் சொன்னேன்.

"வெசனப்படாதீங்க மாமா. அடுத்த வருசம் நீங்க ஜெயிக்கலாம்."

மாமா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, சரிட்டி என்றார். கண்ணாடியில் சாரல் அடித்துக்கொண்டே இருந்தது.