என் மகரக்கட்டும் அறுவடை வண்டியும்

அக்கா பெரியவளானபோது வாசலை அடைத்துப் பந்தல் போட்டார்கள். மாமா வேன் வைத்துச் சீர் கொண்டுவந்தார். குத்தாலம் கடைத்தெருவரை அவள் படம் போட்ட ஃப்ளெக்ஸ் நின்றது. நான் பெரியவனானபோது எனக்குக் கிடைத்தது மிளகுக் கஷாயம். அதுவும் பத்து நாள், காலையும் மாலையும்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஐப்பசி மழையில் நனைந்து தொண்டை கட்டியது, மழை விட்டும் தொண்டை விடவில்லை. சளி இறங்கவில்லை என்றே அம்மா நினைத்தாள். கடைசியில் மருந்துக்கடைக்காரர் என்னை நாலு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டுவிட்டு, "சளியெல்லாம் இல்லம்மா, பையனுக்கு மகரக்கட்டு உடையுது, கொரல் மாறுற வயசு. கஷாயத்த நிறுத்திட்டு சோத்த அதிகமா போடுங்க" என்றார். என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்றிருந்ததை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அந்த வருடம் உடம்பு என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தன் இஷ்டத்துக்கு நடந்துகொண்டது. தீபாவளிக்கு எடுத்த பேன்ட் கார்த்திகைக்குள் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. மூக்கின் நுனியில் பரு. காரணமில்லாமல் கோபம் வந்தது, காரணமில்லாமல் அழுகையும் வந்தது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். குரல்தான் மானத்தை வாங்கியது. ஆம்பளையாக ஆரம்பிக்கிற வாக்கியம் ஆட்டுக்குட்டியாக முடியும். பள்ளிக்கூடத்தில் பிரேயர் பாடும் நான்கு பேரில் நானும் ஒருவன். "நீ கொஞ்ச நாள் வரிசைல நில்லுப்பா" என்று டீச்சர் இறக்கி அனுப்பிவிட்டார். இனிமேல் வாயைத் திறப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அப்பா குவைத்தில் இருந்தார். ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் போன் வரும், அவர் தங்கியிருந்த இடத்தில் வீடியோ எடுக்காது, குரல் மட்டும்தான். போன் அடித்ததும் நான் கொல்லைப் பக்கம் நழுவிவிடுவேன். "டியூஷன் போயிருக்கான்" என்று அம்மா சமாளிப்பாள். அப்படி மூன்று மாதம் டியூஷன் போனேன். அப்பாவும் பேச்சில் சிக்கனக்காரர்தான். எதைச் சொன்னாலும் "உம்" என்பார், ரொம்பப் போனால் "சரி, பாப்போம்." அந்த இரண்டுக்கும் ஊரில் ஒரு பயம் இருந்தது.

தை பிறந்தது. வயலில் சம்பா விளைந்து தலை சாய்த்து நின்றது. நாற்று விட்டதிலிருந்து தண்ணீர் கட்டியதுவரை எல்லாம் அம்மாதான். அறுக்க மட்டும் வண்டி வேண்டும், வண்டி எந்த வயலில் எப்போது இறங்கும் என்பது புரோக்கர் கையில் இருந்தது. அம்மா எட்டு முறை அவருக்குப் போன் போட்டாள். எட்டு முறையும் "நாளைக்கு வந்துரும் அண்ணி" என்றார். வண்டியோ எங்கள் வயலைத் தாண்டித் தாண்டி மற்ற வயல்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. சனிக்கிழமையிலிருந்து மழை என்று டிவியில் சொன்னார்கள். முற்றிய கதிர் தண்ணீரில் சாய்ந்தால் நெல் அங்கேயே முளைத்துவிடும், ஆறு மாத உழைப்பும் மாட்டுக்குத்தான். அந்த வாரம் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் சொல்லாமல் அவள் போனை எடுத்துப் புரோக்கருக்குப் போட்டேன். அழுதாவது கேட்டுவிடலாம் என்பதுதான் திட்டம்.

"ஹலோ" என்றேன்.

"அண்ணே, எப்பண்ணே வந்தீங்க?"

நான் யாரென்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் மறுபடியும் நாளைக்குத்தான் என்று பட்டது.

"உம்" என்றேன்.

"அண்ணி ஒரு வார்த்தை சொல்லலியேண்ணே."

"வண்டி எப்ப வரும்?" மூன்று வார்த்தை, ஓர் இடத்தில்கூடக் கீச்சிடவில்லை.

"நாளைக்குக் காலைல மொத வண்டி நம்ம வயலுக்குத்தாண்ணே. மாத்தமே இல்ல."

"சரி, பாப்போம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கொல்லைக் கதவில் அம்மா. ஓடி வந்திருந்தாள். இரண்டு கையிலும் சோப்பு நுரை. எனக்குப் பின்னால், வாசல் பக்கம், யாரையோ தேடிப் பார்த்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள். "நீயாடா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணியிடமே திரும்பிப் போனாள். வண்டி வருகிறது என்று அவள் பின்னாலேயே போய்ச் சொன்னேன். ஏதோ தப்புச் செய்துவிட்டது போலவே இருந்தது.

மறுநாள் சொன்னபடி வண்டி வயலில் இறங்கியது. புரோக்கரும் வெள்ளைச் சட்டையோடு வந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த மனிதரைப் பார்த்தால் ஒரு சென்ட் பாட்டிலாவது தேறும் என்று நினைத்திருப்பார்.

"அண்ணன் எங்க அண்ணி?"

"குவைத்துல. போன்ல பேசுனது இவன்தான்."

அம்மா இப்படிப் போட்டு உடைப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "வாங்க சித்தப்பா" என்றேன். 'வாங்க' அப்பாவாக வந்தது, 'சித்தப்பா' ஆட்டுக்குட்டியாகப் போனது. அவர் என்னைப் பார்த்தார், ஓடிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்தார், சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. "எட்டு தடவ நான் பேசுனேன். இவன் போட்ட ஒரு உம்முக்கு வருது வண்டி. அடுத்த வருஷம் நான் கூப்புட்டாலும் வரணும் தம்பி" என்றாள். அவர் தலையைச் சொறிந்தார்.

அம்மா தார்ப்பாயில் நெல் கொட்டுவதைப் பார்க்கப் போனாள். அவள் போன் என் பாக்கெட்டில் இருந்தது. வெள்ளிக்கிழமை என்பதையே மறந்துபோயிருந்தேன். அடித்தது. எடுத்தேன்.

"ஹலோ."

"யாருங்க பேசுறது?" என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவே அப்பா என்று நம்பிய குரல், அப்பாவுக்கு மட்டும் யாரோ.

"நான்தாம்ப்பா."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"எப்பலேருந்துடா?"

"ஐப்பசிலேருந்து."

"டியூஷன்னாளே உங்கம்மா."

"டியூஷன்லாம் இல்லப்பா. வெக்கமா இருந்துச்சு."

உம் என்பார், வைத்துவிடுவார் என்று காத்திருந்தேன்.

"பேசுடா" என்றார்.

"என்ன பேசறது?"

"எதையாச்சும் பேசு. கேக்குறேன்."

வரப்பில் உட்கார்ந்தேன். கஷாயத்திலிருந்து தொடங்கி மருந்துக்கடை, பிரேயர், புரோக்கர், அம்மா கையிலிருந்த நுரைவரை எல்லாவற்றையும் சொன்னேன். குரல் நாலைந்து இடத்தில் சறுக்கியது. அப்பா சிரிக்கவே இல்லை. கதை கேட்கிற பிள்ளை மாதிரி உம் கொட்டிக்கொண்டே இருந்தார். வண்டி அறுத்து முடித்து அடுத்த வயலுக்குப் போன பிறகும் போனை வைக்கவில்லை.