டபுள் காட் குவில்ட்

வீட்டுத் தையல் மிஷினில் இரட்டைக் கட்டிலுக்கான பஞ்சு வைத்த போர்வை, அதாவது டபுள் காட் குவில்ட், தைக்க நான் படும் பாட்டை ஒரு வாரமாக இந்தத் தையல் குழுவில் புலம்பிக்கொண்டிருந்தேன் அல்லவா?

துணியைக் கையாலேயே நகர்த்திக் கொடி போல வளைந்தோடும் தையல் போடுகிற வேலை. பாதியைச் சுருட்டி மிஷின் இடுக்கில் திணித்து, மீதியைத் தோளில் சுமக்க வேண்டும். மேசையிலிருந்து சரிந்தால் அந்தப் பாரமே ஊசியை முறித்துவிடும்.

இன்று மதியம், ஆர்டர் கொடுத்த அக்கா சேத்தூரிலிருந்து வந்தார். உட்காரக்கூடச் சொல்லாமல் ஆரம்பித்துவிட்டேன்.

“எக்கா, தோளெல்லாம் விட்டுப்போச்சு. எம்புட்டுப் பெருசு! செத்தச் சின்னதாக் கேட்டிருக்கலாம்ல?”

“அதச் சொல்லத்தான் தாயி வந்தேன். ஒத்தக் கட்டிலுக்குத் தக்கன சின்னதாக்கிக் குடுத்துரு. எங்க வீட்டுல அவிய தவறிப்போயி பதினெட்டு நாளாச்சு.”

அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அக்கா குவில்ட்டின் ஒரு பக்கத்தை மட்டும் தடவிப் பார்த்தார். “கொடி நல்லா வந்திருக்கு” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

அது இந்த ஓரத்தில் தொடங்கி அந்த ஓரம் வரை அறுபடாமல் போகிற ஒரே கொடி.

பெரிய குவில்ட்டைச் சமாளிக்க ஆளுக்கொரு யோசனை சொன்னீர்கள். இதில் கத்தரிக்கோலை எங்கே வைப்பது என்று யாராவது சொல்லுங்கள்.