நிறம் ஏறாத தத்துப்பூச்சி

யுத்தம் முடிந்த மறுவருஷம். அடையாற்றில் பூச்சிகளை ஆராயும் ஒரு கூடத்தில் நானும் இன்னொரு பெண்ணும் ஒரே நாளில் பயிற்சிக்குச் சேர்ந்தோம். நான் மயிலாப்பூர். அவள் தியாகராய நகர். அவளுடைய அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்தவர். ஆறு மாதம் கழித்து எங்களில் ஒருத்திக்குத்தான் வேலை.

ஆற்றோரத் தோப்பில் அரிசிமணி அளவில் ஒரு தத்துப்பூச்சி இருந்தது. இலையில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். தொட்டால் துள்ளி ஓடும். பழுப்பு உடம்பு, முதுகின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. அது எந்த இனம், எந்தச் செடியில் குடியிருக்கிறது, இரண்டையும் கண்டுபிடிக்கச் சொன்னார் எங்கள் ஆசிரியர்.

இனத்தை நான் மூன்றே நாளில் சொல்லிவிட்டேன். பிறகு வலை வீசி, பூச்சி அகப்பட்ட செடிகளையெல்லாம் எழுதினேன். பூவரசு, புங்கு, நொச்சி, நுணா என்று பதினான்கு சேர்ந்தன. பட்டியல் போடுவதில் எனக்கு எப்போதுமே ஒரு கர்வம்.

அவள் வலையையே தொடவில்லை. இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நுணாவிலிருந்து இறக்கை முளைக்காத குஞ்சுகளை மட்டும் பொறுக்கினாள்.

"குஞ்சை வெச்சுண்டு இனம் சொல்ல முடியாதுடி" என்று சிரித்தேன்.

"வளந்தா சொல்லலாம்லா? இறக்கை உள்ளது எங்க வேணும்னாலும் பறந்து போய் உக்காரும். குஞ்சு பொறந்த இடத்துலதானே கெடக்கும்?"

என் பதினான்கு செடிகளும் அந்த ஒரு கேள்வியில் உதிர்ந்தன. எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று அன்று முழுவதும் வயிறு எரிந்தது.

வீட்டில் அரிக்கேன் விளக்கின் சிம்னிக்குள் நுணாக் கொத்தை வைத்து, மேலே அப்பாவின் கடையிலிருந்து எடுத்த மெல்லிய மல் துணியைக் கட்டிக் குஞ்சுகளை வளர்த்தாள். ஒரு நாள் காலை சிம்னியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஒண்ணுக்கு இறக்கை வந்துட்டு! நீயே பாத்துச் சொல்லு. உன் கண்ணுக்குத் தப்பாது."

பார்த்தேன். உடம்பு முழுக்க வெளுப்பு, கோடு தெரியவில்லை. தோலுரித்த புதிதில் இந்தப் பூச்சிகள் வெளுத்துத்தான் இருக்கும், நிறம் ஏற நேரமாகும். எனக்கு அது தெரியும். அவளுக்குத் தெரியாது என்பதும் தெரியும்.

"கோடே இல்லையே. இது வேற இனம்" என்றேன். என் குரல் கொஞ்சமும் மாறவில்லை.

நோட்டில் நுணா என்று எழுதியிருந்ததை அவளே அடித்தாள். சிம்னியை என் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் கூடத்தைப் பெருக்க வந்த பெரியவர் சிம்னிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கச் சிரித்தார்.

"இன்னாம்மா இது! நேத்து வெறுமனே இருந்திச்சி, இன்னிக்கு விபூதி இட்டுக்கினு கீது!"

உடம்பு பழுப்பேறி, வெள்ளைக் கோடு பளிச்சென்று நின்றது. அவள் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். ஆசிரியரும் வந்துவிட்டார்.

"நேத்து அவசரப்பட்டுட்டேன். அதேதான்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை, வெளியே எறியாம வெச்சிருந்தே. வேற யாருன்னாலும் தூக்கிப் போட்டிருப்பாவ."

அறிக்கையில் என் பெயரை முதலில் எழுதியதும் அவள்தான். வேலை அவளுக்குக் கிடைத்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்குள் கொஞ்சம் புகைகிறது, மறைப்பானேன்?

இப்போது நான் ஒரு பெண்கள் பள்ளியில் பாடம் சொல்லித் தருகிறேன். எத்தனையோ முறை அவளைப் பார்த்தும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. இதை அவள் படித்தால், சிம்னியைக் கொண்டுவந்த அன்றே அது அதே இனம்தான் என்பது எனக்குத் தெரிந்திருந்தது என்று தெரிந்துகொள்ளட்டும். அவள் பிடித்த கை இன்னும் எனக்குக் கூசுகிறது.