கவிழ்த்து வைத்த வாளி

வட்டவளைப் பக்கம் மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை. பெய்யாத நாள் வந்தால்தான் அதைப் பற்றிப் பேச்சு. அந்த மழையில், தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மூன்று பாத்தியில் நான் முட்டைக்கோவாவும் போஞ்சி அவரையும் போட்டிருந்தேன். அட்டன் டவுனில் துணிக்கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருகிறவளுக்கு, என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த மூன்று பாத்திதான் இருந்தது.

அதைத்தான் நத்தைகள் தின்றன. உள்ளங்கை நீளத்துக்கு வளரும் பெரிய நத்தை. எந்தக் காலத்திலோ யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டாராம். விடிகாலைப் பனியில் போய் நின்றால் அவை நகர்வதே தெரியாது. கண்ணை மூடித் திறந்தால் இடம் மட்டும் மாறியிருக்கும். அழகாகத்தான் இருந்தன, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பார்த்துக்கொண்டே நின்றால் எனக்குத் தூக்கம் வரும். பிறகு கோவா இலையைப் பார்ப்பேன், சல்லடையாக இருக்கும். ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். கனவிலும் அவை வந்தன. ஒன்று என் முதுகில் மெதுவாக ஏறும், நான் அசையாமல் படுத்திருப்பேன்.

பக்கத்துக் காம்பராவில் ஓர் அக்கா இருந்தார். கொழுந்து பறிக்கிறவர். ஒரு பசுவும் வைத்திருந்தார், அப்போது அது ஏழு மாதச் சினை. எங்கள் லயத்தில் அரிசி கழுவின தண்ணீர், காய்த்தோல், மிஞ்சின சோறு எல்லாவற்றையும் ஒரு வாளியில் சேர்த்து, வாசலில் தண்ணீர் ஓடும் கான் ஓரமாக வைத்துவிடுவோம். அக்கா பன்னிரண்டு வீட்டு வாளியையும் எடுத்துப் போய் மாட்டுக்கு ஊற்றுவார். வாளியைக் கழுவி அவரவர் வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கன்று பிறந்தால் பன்னிரண்டு வீட்டுக்கும் சீம்பால் வரும்.

ஒரு போயா நாள், பௌர்ணமி என்று கடை லீவு. நத்தையைக் கொல்லும் மருந்தைத் தவிட்டில் பிசைந்து வைத்தால் நத்தை தேடி வரும் என்று டவுனில் யாரோ சொல்லியிருந்தார்கள். என் புத்தி சும்மா இருக்குமா? வாசம் இன்னும் தூக்கலாக இருக்கட்டும் என்று புளித்த கழனித்தண்ணியும் விட்டுக் கரைத்தேன். வேறு எதில், அந்த வாளியில்தான். சிரட்டை சிரட்டையாக ஊற்றிப் பாத்தி ஓரமாக வைத்துக்கொண்டு போனபோது மழை கொட்டியது. மிச்சம் பாதி வாளி. அதை வாசலில் வைத்துவிட்டு, கொடியில் கிடந்த உடுப்பை எடுக்க ஓடினேன்.

பிறகு தேத்தண்ணி குடித்தேன். தகரக் கூரையில் மழைச்சத்தம் கேட்டபடியே கண் அசந்துவிட்டேன். விழித்தபோது பகலா சாயங்காலமா என்று தெரியாத ஒரு வெளிச்சம். கீழே பனிக்குள் எங்கேயோ ரயில் ஊதிக்கொண்டு போனது. கதவைத் திறந்தேன். என் வாளி சுத்தமாகக் கழுவி, கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

உடனே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. மாடு எவ்வளவு பெரியது, மருந்து எவ்வளவு கொஞ்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மழைத்தண்ணி விழுந்து மருந்து நீர்த்துப் போயிருக்கும் என்றும் சொல்லிக்கொண்டேன். மறுபடி போய்ப் படுத்தேன். எழுந்தால் இதெல்லாம் கனவாகிவிடும் என்று நிஜமாகவே நம்பினேன்.

வெளிச்சம் மங்குவதற்குள் அக்கா சத்தம் போட்டார். போய்ப் பார்த்தேன். மாடு நடுங்கிக்கொண்டிருந்தது. வாயில் நுரை. யாராவது செருமினால்கூடத் தூக்கிவாரிப்போட்டது அதற்கு. லயமே கூடி நின்றது. மாட்டு டாக்டர் மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்து, இது என்ன தின்றது என்று சிங்களத்தில் கேட்டார். புதிதாக ஒன்றும் இல்லை, எல்லார் வீட்டுக் கழனித்தண்ணியும்தான் என்றார் அக்கா, அவரும் சிங்களத்தில்.

கடையில் நாள் முழுக்க நான் பேசுவது சிங்களம்தான். அந்த நேரம் வாயில் வந்தது தமிழ்தான்.

"அக்கா, நாந்தான். என் வாளியில நத்தை மருந்து கெடந்துச்சு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சொன்னதை டாக்டருக்குச் சிங்களத்தில் சொன்னார், நிதானமாக, ஒரு சொல்லைக்கூடக் கூட்டாமல். எப்போது குடித்தது என்று அவர் கேட்டதற்கும் அக்காதான் பதில் சொன்னார். ஊசி போட்டுக்கொண்டே டாக்டர், கொஞ்சம் முந்தியே தெரிந்திருந்தால் என்று இழுத்தார். அந்தக் கொஞ்ச நேரம் முழுக்க நான் போர்வைக்குள் கிடந்தேன்.

மாடு பிழைத்தது. மூன்றாம் நாள் கன்று செத்துப் பிறந்தது. அக்கா அதை ஒரு சாக்கால் மூடித் தூக்கிக்கொண்டு என் பாத்தியைத் தாண்டிப் போனார். நான் சிரட்டைகளை எல்லாம் பொறுக்கி, மிச்ச மருந்தோடு ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். கோவாவை நத்தைகள் தின்று தீர்த்தன. தின்னட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் வாளி வைக்கவில்லை. கழனித்தண்ணியைக் கானில் ஊற்றினேன். வெட்கம்தான், வேறென்ன. ஒரு மாதம் போயிருக்கும். அக்கா நேரே என் குசினிக்குள் வந்தார். அரிசி கழுவின சட்டியைப் பார்த்தார்.

"வெறும் கழனித்தண்ணிதானே?"

"ஆமாக்கா."

எடுத்துக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து மறுபடி வாளி வைத்தேன்.

இப்போது மாடு மறுபடியும் சினை. அக்கா தினமும் வருகிறார். என்னிடம் சிரித்துப் பேசுகிறார், கடைக்கு வந்திருக்கும் புதுச் சேலைகளைப் பற்றிக் கேட்கிறார். பதினொரு வாளியை அவர் யாரையும் கேட்காமல் எடுக்கிறார். என் வாசலில் மட்டும் நின்று, உள்ளே பார்த்துக் கேட்கிறார். நானும் அடுப்பை விட்டு எழுந்து வாசலுக்கு வந்து, அவர் முகத்தைப் பார்த்து, "ஆமாக்கா, வெறும் கழனித்தண்ணிதான்" என்று சொல்கிறேன்.