மேவிஸ் சங்கிலி போடும் நேரம்

அமெரிக்காவின் மெய்ன் கரையிலிருந்து டெர்ன் தீவுக்குப் போகும் கார்ப் படகில் சங்கிலி போடுவதுதான் மேவிஸ் கோல்பியின் வேலை. கடைசிக் கார் ஏறியதும் பின்பக்கத்து இரண்டு கம்பங்களுக்கிடையே சங்கிலியை மாட்டிவிட்டுக் கையை உயர்த்துவாள். அந்தக் கை உயராமல் கேப்டன் எல்வுட் டயர் இன்ஜினைத் தொட மாட்டார். படகு எப்போது கிளம்பும் என்பது சுவரில் ஒட்டிய அட்டவணையில் இருந்தது. எப்போது கிளம்பியது என்பது ஆரஞ்சு நிறக் கம்பளித் தொப்பி போட்ட இந்தப் பெண்ணின் கையில் இருந்தது.

ஒலிபெருக்கியும் அவள் பொறுப்புதான். பாதித் தூக்கத்தில் பேசுகிற மாதிரிக் குரல். "ஆன் டைம்ல இருக்கோம்" என்பாள். எதிர்க்காற்று அடித்தால், "கொஞ்சம் பிஹைண்ட் டைம். அதுக்காக யாரும் நீந்திப் போக வேண்டாம்" என்பாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் தீவுக்காரர்களில் பாதிப் பேர் காருக்குள் கண்ணயர்ந்திருப்பார்கள்.

இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நேரத்தை ஓர் இடம்போலப் பேசுகிறவர்கள். அதன்மேல் நிற்பார்கள், அதற்குள் நுழைவார்கள், அதற்குப் பின்னால் தங்கிப்போவார்கள். பேசுகிற யாரும் அதைக் கவனிப்பதில்லை. மேவிஸ் கவனித்தாள். இருபது வருடமாக ஒரே தண்ணீரை முன்னும் பின்னும் கடக்கிறவளுக்கு வேறு என்ன யோசனை வரும்? சிறு வயதிலிருந்தே அவள் மனத்தில் நேரம் என்றால் மூடுபனியில் மிதக்கும் ஒரு தட்டையான பொருள். விளிம்பு தெரியாது. ஆனால் ஏறலாம், இறங்கலாம்.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் படகுக் கம்பெனி நேரத்தைக் குறித்துவைக்க லெவிட் என்பவரை அனுப்பியது. மெலிந்த மனிதர், பெரிய கைக்கடிகாரம். குளிர்காலத்தில் மாலைப் படகை நிறுத்துவதாகப் பேச்சு இருந்தது. தீவு கெஞ்சியதில் கம்பெனி ஒரு நிபந்தனை வைத்தது: அக்டோபர் முழுக்க மாலைப் படகு ஐந்தரை மணிக்குக் கிளம்ப வேண்டும். ஒரு நாள் தவறினாலும் குளிர்காலத்துக்கு அது கிடையாது.

மேவிஸின் ஒரே மகளின் பெயர் ரூத்தான். கரையிலுள்ள மருத்துவமனையில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்தாள். தினமும் மாலைப் படகில்தான் வீடு திரும்புவாள். படகு நின்றால் கரை ஊரில் அறை எடுத்துத் தங்க வேண்டியதுதான். கணவர் கடலில் மூழ்கிப்போன பிறகு மேவிஸின் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டுகள்தான். அது ஒன்றாகிவிடும்.

லெவிட் முதல் நாளே மேவிஸிடம் கேட்டார்: "இங்க எல்லாரும் சொல்றாங்களே, ஆன் டைமுக்கும் இன் டைமுக்கும் நீங்க தனிக் கணக்கு வச்சிருக்கீங்கன்னு?"

"கணக்கு என்ன கணக்கு? ஆன் டைம்னா தளத்து மேல காஞ்ச காலோட நிக்கிறது. அது படகோட வேலை. இன் டைம்னா சங்கிலிக்கு அடியில குனிஞ்சு உள்ள வந்து விழறது. அது மனுஷங்க வேலை."

"பிஹைண்ட் டைம்?"

"துறையில நின்னு நுரையப் பாக்கறது."

"அப்ப ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து உட்காந்திருக்கேனே, நான்?"

"உங்களுக்கு வீட்ல வேலை இல்லன்னு அர்த்தம்," என்றாள் மேவிஸ். லெவிட் சிரித்துவிட்டார்.

அவளுக்கு மிகவும் பிடித்தது அவ்வப்போது என்பதற்கு இங்கிலீஷில் சொல்லும் 'ஃப்ரம் டைம் டு டைம்'. "ஒரு நேரத்துலேர்ந்து இன்னொரு நேரத்துக்கு. நடுவுல தண்ணி இருக்கும்போல" என்றாள். லெவிட் நீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. கரையில் துறைக்கு இறங்கும் சாலை ஒரு குன்றின்மேலிருந்து வருகிறது. தாமதமாக வருகிற தீவுக்காரர் குன்றின் உச்சியில் கார் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார். பனி மூடியிருந்தால் ஹாரனை ஒருமுறை நீளமாக அடிப்பார். மேவிஸ் சங்கிலியைக் கீழே விட்டுக் காத்திருப்பாள். எழுதாத சட்டம் அது. பிரசவ வலி எடுத்தவளுக்கும் காத்திருந்திருக்கிறாள், ஒரு டப்பா ஐஸ்கிரீம் வாங்கப் போனவனுக்கும் காத்திருந்திருக்கிறாள். ஏன் என்று கேட்கும் வழக்கம் இல்லை.

அக்டோபர் பிறப்பதற்கு முன்பு தபால் அலுவலக வாசலில் கூடிப் பேசினார்கள். இந்த ஒரு மாதம் யாரும் விளக்குப் போடக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது. தவறவிட்டவன் கரையிலேயே தூங்கட்டும். எல்லோரும் சம்மதித்தார்கள்.

"உயிர் போற விஷயமா இருந்தா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அப்ப அடி," என்றார் எல்வுட். "உயிர் போகலைன்னா நான் எடுத்துடுவேன்."

மாதம் நன்றாகவே போனது. ஐந்து மணிக்கே துறையில் கார்கள் வரிசை கட்டின. மக்கள் வண்டிக்குள் கம்பளி பின்னினார்கள், மீன் சாண்ட்விச் சாப்பிட்டார்கள், கோபமாகக் கொட்டாவி விட்டார்கள். ரூத்தான் படகின் மாடிப் பெஞ்சில் காலணியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பாள். மேவிஸ் ஐந்தரைக்குச் சங்கிலி போடுவாள். குன்றைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். பார்த்தால் கை உயராது என்று அவளுக்குத் தெரியும்.

கடைசி நாள் மூடுபனி இறங்கியது. முதலில் தீவு மறைந்தது, பிறகு கடல், பிறகு படகின் முன்முனை. கம்பத்து விளக்குகள் பாலில் விழுந்த முட்டைக்கருபோலத் தெரிந்தன. பேசுகிறவர்களின் குரல் பக்கத்திலிருந்து வருகிறதா, போன வருடத்திலிருந்து வருகிறதா என்று புரியாத மாதிரி இருந்தது. கார்கள் எல்லாம் ஏறியாகிவிட்டது. ஐந்தரை. மேவிஸ் சங்கிலியைக் கையில் எடுத்தாள்.

பனியில் கிளம்புவதற்கு முன் படகு ஒருமுறை ஊத வேண்டும். எல்வுட் ஊதினார்.

குன்றின்மேலிருந்து நீளமாக ஒரு ஹாரன் கேட்டது.

மேவிஸின் கை நின்றது.

"கேட்டுச்சா?" என்றார் எல்வுட் ஜன்னல் வழியாக.

"கேட்டுச்சு."

"மிசஸ் கோல்பி, மணி ஆயிடுச்சு," என்றார் லெவிட். அவர் குரலில் அதட்டல் இல்லை. அவருக்கும் இந்த மாதத்தில் படகு பிடித்துப்போயிருந்தது.

"மேல யாரோ இருக்காங்க சார்."

"நாளைக்கு வரட்டுமே. இன்னிக்கு ஒரு நாள்தான் பாக்கி."

"அது அவங்களுக்கும் தெரியும். தெரிஞ்சும் அடிச்சிருக்காங்க."

இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. வாக்குக் கொடுத்த ஊரில் ஒருவர் ஹாரன் அடிக்கிறார் என்றால் வீட்டில் என்னவோ நடந்திருக்கிறது. மேவிஸ் மாடியைப் பார்த்தாள். ரூத்தான் காலணி இல்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் தெரியவில்லை. வெறும் உருவம்.

மேவிஸ் சங்கிலியைக் கீழே விட்டாள்.

காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. வழி தவறிவிட்டார்களோ என்று எல்வுட் மறுபடி ஊதினார். மறுபடி குன்று பதில் சொன்னது, அதே நீளத்தில். மேவிஸ் விளக்கை எடுத்துக்கொண்டு சாலையில் கொஞ்ச தூரம் ஏறிப் பார்த்தாள். பனி, தார், ஈர இலை. எல்வுட் மூன்றாவது முறை வேண்டுமென்றே துண்டு துண்டாக ஊதினார். குன்றும் துண்டு துண்டாக ஊதியது.

"அடச்சே," என்றார் எல்வுட்.

கோடையில் குன்றின்மேல் மீனுக்குக் குளிர்கிடங்கு ஒன்று கட்டியிருந்தார்கள். நெடிய தகரச் சுவர். அது வந்த பிறகு இறங்கிய முதல் பனி இதுதான். படகு தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

மேவிஸ் திரும்பி வந்து சங்கிலியை மாட்டிக் கையை உயர்த்தினாள். ஒலிபெருக்கியில், "பிஹைண்ட் டைம்ல இருக்கோம்" என்று மட்டும் சொன்னாள்.

நடுக்கடலில் லெவிட் அவளிடம் வந்தார். "படிவத்துல காரணம்னு ஒரு இடம் இருக்கு. என்ன எழுத?"

"காத்திருந்தோம்னு எழுதுங்க."

"யாருக்காகன்னு கேப்பாங்க."

"யாருமில்லன்னு எழுதுங்க. பொய் எழுதி உங்க வேலை போக வேண்டாம்."

ரூத்தான் இறங்கி வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

"யாருமே இல்லன்னு தெரிஞ்சிருந்தா போயிருப்பியா?"

"போயிருப்பேன்டி. தெரியலையே."

"ஊர்ல ரூம் வாடகை அதிகம்மா."

"தெரியும்."

"எனக்குச் சமைக்கவும் வராது."

"அதுவும் தெரியும். முட்டையாவது வேகவச்சுக் கத்துக்கோ," என்றாள் மேவிஸ். மகளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பனியில் தொப்பி நனைந்து கனத்திருந்தது.

மாலைப் படகு 'ஃபார் த டைம் பீயிங்' நிறுத்தப்படுகிறது என்று அறிவிப்பு வந்தது. இப்போதைக்கு என்று பொருள். அந்த இப்போதைக்கு எவ்வளவு நீளம் என்று தீவில் எல்லோருக்கும் தெரியும். மேவிஸை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. தபால் அலுவலகத்தில் ஒருவர், "நானா இருந்தாலும் படகை விட்டிருக்க மாட்டேன்" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

ரூத்தான் கரை ஊரில் ஒரு தையல்காரியின் மாடி அறையில் தங்கினாள். சனிக்கிழமை மதியப் படகில் வருவாள். முதல் சனிக்கிழமை கார்கள் ஏறி முடிந்தன. அவளைக் காணவில்லை. பனி இல்லை, வெயில். எல்வுட் ஜன்னலில் விரலால் தட்டினார்.

"மேவிஸ், நேரமாச்சு."

"ஆகட்டும்."

"பொண்ணுங்கறதால நிக்கிறியா?"

"யாரா இருந்தாலும் நிப்பேன். உனக்குத் தெரியாதா?"

"தெரியும். சும்மா கேட்டு வைக்கிறேன்."

குன்றின்மேலிருந்து துணிமூட்டையோடு ஒருத்தி ஓடி வந்தாள். கையில் விளக்கும் இல்லை, ஹாரனும் இல்லை. இருந்ததெல்லாம் வீட்டிலிருந்து எடுத்துப்போன அவளுடைய சாப்பாட்டுத் தட்டு. அதை வெயிலில் திருப்பித் திருப்பி மின்னவைத்துக்கொண்டே வந்தாள்.