நீச்சல்குளத்தை மூடிய மழைக்காலம்

என் கணவருக்கு முழங்கால் வலி. தண்ணீருக்குள் நடந்தால் நல்லது என்று டாக்டர் சொன்ன அன்றே அவர் முடிவு செய்துவிட்டார். அடையாறில், ஆற்றுக்குச் சற்றுத் தள்ளி எங்கள் வீடு. சமையலறைக்குப் பின்னால் துணி உலர்த்துவதற்கென்று விட்டிருந்த இடம் ஒன்று உண்டு. ஒரு கார் நிறுத்தலாம், அவ்வளவுதான். அங்கே நீச்சல்குளம் வரப்போகிறது என்றபோது நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“ஏதாவது கிளப்புல போய் நடங்களேன்.”

“அந்தக் கூட்டத்துல தொப்பையோட நான் போய் நிக்கணுமா? நம்ம வீடு, நம்ம இஷ்டம்.”

ராயப்பேட்டையில் ஸ்கூட்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர் அவர். ஒரு நட்டு வாங்குவதற்குக்கூட நாலு இடத்தில் விலை கேட்பார். இந்த விஷயத்தில் மட்டும் கேட்கவில்லை. கான்கிரீட்டில் கட்டுவதைவிட ரெடிமேட் ஃபைபர் தொட்டி மலிவு என்றார்கள், சரி என்றார். ஏழு லட்சம் என்றுதான் பேச்சு ஆரம்பித்தது. தோண்டிய மண்ணை அள்ளிப்போக லாரிக்குத் தனியாக. தொட்டியைப் பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே தூக்கி இறக்கிய கிரேனுக்குத் தனியாக. மோட்டார், ஃபில்டர், சுற்றிலும் வழுக்காத டைல்ஸ். சமையலறையைப் புதுப்பிக்க ஒதுக்கியிருந்த பணமும் அதற்குள் போயிற்று. நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கட்டுவது ஒரு தடவைச் செலவுதானே என்பார். அப்படியில்லை. குளோரின், ஆசிட், மின்சாரக் கட்டணம் என்று மாதாமாதம் அது கேட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு வேப்பமரம் இலை முழுவதையும் அதில்தான் உதிர்த்தது. வாரம் ஒருமுறை பட்டினப்பாக்கத்திலிருந்து ஒருவர் சுத்தம் செய்ய வருவார். நாற்பது வயதிருக்கும், ஓயாமல் பேசுகிறவர். அவருக்குச் சம்பளம், டீ.

காலையில் என் கணவர் அரை டிராயருடன் இறங்கி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். பத்தடி போனால் திரும்ப வேண்டும்.

“வாயேன், ரெண்டு நிமிஷம் கால நனைச்சிட்டுப் போ.”

“குக்கர் வெச்சிருக்கேங்க.”

வலி குறைந்திருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னார். மாடிப்படியைப் பக்கவாட்டில்தான் இறங்கிக்கொண்டிருந்தார்.

மறு வருடம் மாசி மாதத்தில், மத்தியான நேரம், கடையில் கல்லாவின் மேல் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது பின்பக்கத்தில் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது. அது டைமர் வைத்த மோட்டார். அழுதுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எப்படி நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியாது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அதிர்ச்சி, போகப்போக வந்துவிடும் என்றார் என் நாத்தனார். போகப்போகவும் வரவில்லை.

காரியம் முடிந்து மகன் வெளிநாடு திரும்பினான். கடையைக் கைமாற்றிவிட்டோம். சுத்தம் செய்பவர் மட்டும் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தார்.

“யாருமே எறங்காத தண்ணிக்கு மருந்து போட்டுக்கினு கீறேன் மா,” என்றார் ஒருநாள்.

“போடுங்க,” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. என் கணவர் நினைவாக என்றெல்லாம் இல்லை. நிறுத்தச் சொல்லவும் ஏதோ ஒரு தெம்பு வேண்டியிருந்தது.

கோடையில் தண்ணீர் வற்றி மட்டம் இறங்கியது. குறைந்தால் மோட்டார் காற்றை இழுத்துக் கெட்டுவிடும் என்றார் சுத்தம் செய்பவர். டேங்கர் லாரி வரவழைத்தேன். எதிர்வீட்டம்மா கேட்டருகில் நின்று பார்த்தார்.

“எங்க வீட்ல குளிக்கவே தண்ணி இல்ல. உங்க வீட்ல இப்ப யாரு நீந்தப் போறா?”

அவர் கேட்டது நியாயம். நான் லாரிக்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை, காரணம் எதுவும் இல்லாமல், போதும் என்று தோன்றியது. யாரிடமும் கேட்காமல், சுத்தம் செய்பவர் செய்யப் பார்த்திருந்தபடி மோட்டாரின் வால்வைத் திருப்பிவிட்டு, குழாயைத் தெருக் கால்வாயில் போட்டேன். சாயங்காலத்துக்குள் தொட்டி காலி. அடியில் இரண்டு வேப்பங்கொட்டை, ஒரு ஹேர்ப்பின். இரவு முழுவதும் மழை.

விடிந்து பின்கதவைத் திறந்தால் தொட்டி தரைக்கு மேலே வந்திருந்தது. ஒரு பக்கம் இடுப்புயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. டைல்ஸ் அப்பளமாய் நொறுங்கிக் கிடந்தன. பார்த்தேன். பிறகு வாசலுக்குப் போய்ப் பால் பாக்கெட்டை எடுத்துவந்து காபி போட்டேன். குடித்து முடித்துத்தான் பட்டினப்பாக்கத்துக்காரருக்குப் போன் செய்தேன்.

“இன்னா மா இது! கப்பலாட்டம் மெதக்குது!” என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அவரும் இப்படிப் பார்த்ததில்லையாம்.

தொட்டி விற்ற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். “மழைக்காலத்துல பூமிக்குள்ள தண்ணி ஏறும் மேடம். உள்ள தண்ணி பாரம் இருந்தாத்தான் தொட்டி உட்காரும். காலி பண்ணா மேல தள்ளிடும். சார்கிட்ட அப்பவே சொன்னோமே.”

சாரிடம் சொல்லியிருக்கிறார்கள். சார் என்னிடம் சொல்லவில்லை.

திரும்பப் பதிக்க ஆகும் செலவில் பாதி கொடுத்தால் எடுத்தே விடலாம் என்றார். மழை விட்டதும் ஆட்கள் வந்து மெஷினால் தொட்டியைத் துண்டுதுண்டாக அறுத்தார்கள். மாவு மாதிரி வெள்ளைத் தூசி பறந்தது. உள்ளே போகச் சொன்னார்கள், நான் போகவில்லை. என் கணவர் இறங்கும் படிக்கட்டு தனித் துண்டாக வெளியே வந்தபோது, “யாருங்க உங்கள இதெல்லாம் வாங்கச் சொன்னது?” என்று என் வாய் கத்தியது. மெஷின் நின்றுவிட்டது. பட்டினப்பாக்கத்துக்காரர் என்னைப் பார்த்தார்; பிறகு ஆட்களிடம், “நீ அறு நைனா,” என்றார்.

குழியில் கட்டட இடிபாடும் சவுடு மண்ணும் கொட்டி மூடினார்கள். மோட்டாரைப் பட்டினப்பாக்கத்துக்காரரையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

மகன் போனில் கேட்டான்: “இப்ப எப்படிம்மா இருக்கு?”

“மண்ணு கொஞ்சம் அமுங்கியிருக்கு. இன்னும் ஒரு லோடு போடணுமாம்.”

“அது இல்லம்மா. நீ எப்படி இருக்கேன்னு கேட்டேன்.”

தலையைக் கோதினேன். நாலு நாள் குளித்தும் முடியில் இன்னும் அந்த வெள்ளைத் தூசி நறநறத்தது. குளித்துவிட்டு வந்து பேசுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.