இரண்டு நிமிடத்தில் நாற்பத்தொரு பெயர்

அஜக்ஸிலிருந்து குமரன் தொலைபேசியில் அழைத்தபோது அடுப்பில் சொதி கொதித்துக்கொண்டிருந்தது. "அன்ரி, அம்மா விடியப் போயிட்டா" என்றான். அடுத்த மூச்சிலேயே, "அந்தப் பேர் எழுதின கடதாசி உங்களிட்டையோ இருக்கு?" என்று கேட்டான். தாயைப் பறிகொடுத்தவன் முதலில் விசாரிப்பது கடதாசியையா என்று எனக்குக் கோபம் வந்தது. அவன் தாய் பவளம் அக்கா அவனோடு கடைசியாகப் பேசியதே அந்தக் கடதாசியைப் பற்றித்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பனுக்கு மலாயாவில் பிறந்தவர். தகப்பனார் ஒரு இறப்பர் தோட்டத்தில் கிராணி. ஆள்பதிவும் கணக்கும் எழுதுவது அவருடைய உத்தியோகம். உலகச் சண்டை முடிந்தபின் அக்கா குடும்பத்தோடு யாழ்ப்பாணத்து ஊருக்கு வந்து, கலியாணம் கட்டி, கணவரை இழந்து, ஐம்பது வயதில் கனடாவுக்கு வந்தார். ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில், பெட்டி கட்டும் மேசையில், எனக்குப் பக்கத்தில் நின்றார். கையும் வேகம், வாயும் வேகம். நான் பெட்டி ஒட்டும் ரேப்பைக் கோணலாக ஒட்டினால், "உதென்ன பிள்ளை, பாம்பு போன தடமோ?" என்பார். அவரோடு கோபித்துக்கொண்டு ஒருநாள் முழுக்க இருக்க என்னால் முடிந்ததில்லை.

நவம்பர் பதினோராம் திகதி பதினொரு மணிக்கு அங்கே இயந்திரங்களை நிறுத்துவார்கள். போரில் இறந்த படைவீரருக்காக இரண்டு நிமிட மௌனம். எல்லோரும் சிவப்புப் பொப்பிப் பூவைக் குத்திக்கொண்டு தலை குனிந்து நிற்போம். முதல் வருடமே கவனித்தேன்: அக்காவின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. தேவாரம் சொல்கிறாராக்கும் என்று நினைத்தேன். அடுத்த வருடம் மேற்பார்வையாளர் கண்டுவிட்டு, மௌனம் என்றால் மௌனம் என்று கடிந்துகொண்டார். அக்கா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு, எனக்குத் தமிழில் சொன்னார்: "பட்டாளக்காரருக்கு ஊரெல்லாம் கல்லிலை பேர் வெட்டி வைச்சிருக்கு. அவைக்கு மௌனம் காணும். என்ரை ஆக்களுக்குப் பேரே இல்லை. அவைக்கு நான் வாய் திறக்கத்தான் வேணும்."

ஜப்பானியர் மலாயாவுக்குள் சைக்கிளில் வந்ததும், சிங்கப்பூரில் வெள்ளைக்காரர் கையைத் தூக்கியதும் புத்தகங்களில் இருக்கின்றன. அக்கா சொன்னது தோட்டத்து லயங்களின், தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளின், கதை. சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில்பாதை போட ஆள் பிடித்தார்கள். மூன்று மாத வேலை, பிறகு வீட்டுக்கு வரலாம் என்றார்கள். கிராணியார்தான் பெயர் எழுதவேண்டும். அந்தத் தோட்டத்திலிருந்து போனவர்கள் நாற்பத்தெட்டுப் பேர். பசியாலும் அடியாலும் வாந்திபேதியாலும் செத்தவர்கள் போக, எலும்பும் தோலுமாகத் திரும்பியவர்கள் ஏழு பேர். மற்ற நாற்பத்தொரு பெயரையும் கிராணியார் சாகும்வரை ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தார். "இவையெல்லாம் உமக்கு என்ன முறை?" என்று ஐயர் கேட்டால், "நான் அனுப்பினவை" என்பாராம். அவருக்குப் பிறகு மகள் அந்தக் கடமையை எடுத்துக்கொண்டார்.

எனக்கு வாய் நீளம். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், "அப்பர் எழுதினதுக்கு நீங்கள் ஏன் அக்கா காலம் முழுக்கச் சுமக்கிறியள்? உங்களுக்கு அவை ஆர்?" என்று கேட்டுவிட்டேன். அக்கா சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். மூன்று கிழமை என்னோடு பேசவில்லை. பிறகு பஸ் தரிப்பில், என் முகத்தைப் பாராமல், வேறு எவருக்கும் சொல்லாததைச் சொன்னார்.

"அப்பா நாப்பத்தேழு பேர்தான் எழுதினவர். இனி ஆள் இல்லையெண்டு சத்தியம் பண்ணினவர். ஜப்பான்காரருக்கு மொழிபெயர்க்க வந்தவன் தமிழன். வாசலிலை நிண்ட என்னைப் பாத்துச் சிரிச்சு, 'வேறை ஆரும் இருக்கினமோ தங்கச்சி?' எண்டான். மாரிமுத்து எங்கட மாடு பாக்கிறவர். என்னைத் தோளிலை வைச்சுப் பள்ளிக்குடம் கொண்டு போறவர். 'மாரிமுத்து அண்ணை கொட்டிலுக்கை வைக்கலுக்குப் பின்னாலை ஒளிச்சிருக்கிறார்' எண்டு சொல்லிப்போட்டன். எட்டு வயது. கெட்டிக்காரி எண்டு சொல்லுவினமாக்கும் எண்டு நினைச்சன், பிள்ளை."

நான் அந்த இடத்திலேயே அழுதேன். அக்கா அழவில்லை. "அழுதால் பேர் மறந்துபோம்" என்றார். ஒவ்வொரு வருடமும் நாற்பது பெயரைக் கடகடவென்று சொல்லிவிட்டு, கடைசிப் பெயருக்கு முன் அவர் ஏன் ஒரு மூச்சு எடுத்தார் என்பது அன்றுதான் விளங்கியது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் நவம்பரில் அஜக்ஸிலிருந்து ஸ்காபரோ வெக்ஸ்போர்ட்டில் உள்ள என் வீட்டுக்கு வந்துவிடுவார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்து நின்றபடி சொல்லுவார். போன வருடம் முப்பதாவது பெயரில் தடுமாறினார். உடனே கடதாசியும் பேனையும் கேட்டு, எல்லாவற்றையும் எழுதி என் கையில் தந்தார். "நான் கண்ணை மூடினால் இவையை ஆர் கூப்பிடுறது? என்ரை கல்வெட்டிலை போடு. மாரிமுத்தர் எப்பிடிப் போனவர் எண்டதையும் எழுது." கல்வெட்டு என்பது முப்பத்தோராம் நாளுக்கு நாங்கள் அச்சடிக்கும் நினைவுப் புத்தகம். உங்கள் பெயரையும் நாற்பத்திரண்டாவதாகச் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். நான் காட்டிக் குடுத்தவள்" என்றார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஒத்துக்கொள்ளவேயில்லை.

செத்தவீட்டில் பிறம்ரனிலிருந்து வந்த அவருடைய தம்பியார் குறுக்கே நின்றார். "ஆரோ தோட்டத்துச் சனத்தின்ரை பேரை எங்கட கல்வெட்டிலை போடுறதோ? அப்பற்றை மானம் என்னாகிறது?" என்றார். நல்ல மனிதர்தான், தகப்பனைக் காக்கப் பார்க்கிறார். "உங்கட அப்பர் மறைக்கேல்லையே அண்ணை. ஐயருக்கு முன்னாலை வருசா வருசம் வாய்விட்டுச் சொன்னவர். அவர் காட்டின மானம் உங்களுக்குக் காணாதோ?" என்று கேட்டேன். குமரன் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றான். தம்பியார் கடதாசியை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, முதற் பெயரிலிருந்து வாசித்தார். கடைசிப் பெயருக்கு வந்ததும், "மாட்டுக்கார மாரிமுத்து. அப்பா சாகேக்கையும் இவரைத்தான் கூப்பிட்டவர்" என்றார். கடதாசியை மடித்துக் குமரனிடம் கொடுத்து, "போடு" என்றார்.

ஆகவே இந்தக் கல்வெட்டை வைத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள். மனதுக்குள் வாசிக்காதீர்கள். எழுந்து நின்று, வாய்விட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். இரண்டு நிமிடம் போதும். அக்கா மணிக்கூடு பார்த்து அளந்தது. மாரிமுத்துவுக்கு முன்னால் மட்டும் ஒரு மூச்சு எடுங்கள்.

போயிட்டு வாங்கோ அக்கா. நவம்பருக்கு நான் நிக்கிறன்.